சட்டியும் அகப்பையும்: தோட்டத்து வெல்டிங் மெஷின் எப்படி இயங்குகிறது?

கரிசல் காட்டில் மழை விட்டு மண் பதத்துக்கு வரச் சில நாள் ஆகும். பதம் தப்பிப் போகவும் சில நாள்தான் ஆகும். அந்த இடைவெளிக்குள் உழவு முடிய வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் புரட்டாசியில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படி ஒரு காலையில் எங்கள் ஒன்பது கொத்துக் கலப்பையில் ஒரு கொத்தைப் பிடித்திருந்த பட்டை முறிந்தது. கலப்பையைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த பட்டறைக்குக் கொண்டுபோனோம். எனக்கு முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். பற்றவைப்பு பத்தே நிமிட வேலைதான், ஆனால் அதற்கு ஒரு பகல் முழுக்கப் போனது. அன்றிரவே மறுபடி மழை வந்தது.

அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கினேன். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 250 என்று அச்சிட்டிருந்தார்கள். எண் பெரிதென்றால் சக்தியும் பெரிது என்று நினைத்து அதையே எடுத்து வந்தேன். வீட்டுப் பிளக்கில் செருகி ராடை இரும்பில் தொட்டதுமே மெயின் விழுந்தது. குமிழைக் குறைத்து வைத்தால் ராடு ஒட்டிக்கொண்டது. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “ஏம்ப்பா, கல்யாண அடுப்பைக் கொண்டாந்து வீட்டு சிலிண்டர்ல மாட்டினா எரியுமா?”

எரியாது. வீட்டு ரெகுலேட்டர் விடுகிற கேஸுக்கு மேல் எந்த அடுப்பும் எரிய முடியாது. வெல்டிங் மெஷின் வாங்குவதைப் பற்றி நான் பின்னால் படித்ததும், பட்டறை அண்ணன்களிடம் கேட்டதும், கையால் செய்து கற்றதும் அம்மாவின் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அதனால் அடுப்படியை வைத்தே இதை விளக்கிவிடுகிறேன்.

குக்கர் ஆவியும் இட்லிப் பானை ஆவியும்

இரும்பு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில், மின்சாரம் தாவும்போது எரிகிற சுடர்தான் ஆர்க். அதன் வெப்பம் 4000 டிகிரியைத் தாண்டும். அந்தச் சுடரில் ராடும் உருகுகிறது, ஒட்ட வேண்டிய இரண்டு இரும்புகளின் விளிம்பும் உருகுகிறது. மூன்றும் ஒரே குட்டையாகக் கலந்து உறைகின்றன. பசை போட்டு ஒட்டுவதுபோல் இதை நினைக்கக் கூடாது. இரண்டு மாவைச் சேர்த்துப் பிசைந்து ஒரே உருண்டையாக்குவது போன்ற வேலை இது.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஆர்க் எரிய 20 முதல் 28 வோல்ட் போதும், ஆனால் ஆம்ப் ஏராளமாக வேண்டும். குக்கரில் வெயிட்டின் சின்ன ஓட்டை வழியாகச் சீறும் ஆவியில் அழுத்தம் மிகுதி, அளவு கொஞ்சம். இட்லிப் பானையில் அழுத்தமே கிடையாது, ஆனால் பானை நிறைய ஆவி. இட்லி வேக வேண்டியது அந்த இரண்டாவது ஆவியில்தான். வோல்ட் என்பது அழுத்தம், ஆம்ப் என்பது அளவு. குக்கர் ஆவியை வாங்கி இட்லிப் பானை ஆவியாக மாற்றிக் கொடுப்பதுதான் வெல்டிங் மெஷினின் வேலை.

பட்டறைகளில் பார்த்திருப்பீர்களே, சக்கரம் வைத்த பெரிய பெட்டி, இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். அது பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வருவது. அண்டாவிலிருந்து இன்னொரு அண்டாவுக்குச் சாம்பார் மாற்றுகிறீர்கள், நொடிக்கு 50 முறைதான் மொள்ளலாம் என்றால் ஒவ்வொரு முறையும் பெரிய வாளியால் மொள்ள வேண்டும். அந்த வாளிதான் உள்ளே இருக்கும் இரும்பு, செம்புக் கட்டி. இன்வெர்ட்டர் மெஷின் அதையே வேறு வழியில் செய்கிறது. வருகிற மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, மின்னணு சுவிட்சுகளால் நொடிக்குப் பல்லாயிரம் துண்டாக நறுக்கி, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பி, மறுபடி நேர்மின்சாரமாக்கித் தருகிறது. இத்தனை வேகமாக மொள்ளும்போது தேக்கரண்டியே போதும். அதனால்தான் ஐந்தாறு கிலோ எடையில் தோளில் மாட்டிக்கொண்டு போகும் மெஷின் சாத்தியமானது. காட்டு வேலைக்கு இதைத்தான் வாங்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பழைய பெட்டியை மழையிலும் தூசியிலும் போட்டு வைத்தாலும் ஓடும். இன்வெர்ட்டருக்குள் இருப்பது மின்னணுப் பலகை. அதன் மின்விசிறி காற்றோடு வைக்கோல் தூசியையும் கிரைண்டர் தெறிக்கும் இரும்புப் பொடியையும் உள்ளே இழுக்கும். கிரைண்டர் ஓடும்போது மெஷினைத் தள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறிப் பலகையைச் சேதப்படுத்துவது உண்டு.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

இனி வாங்கும் கணக்கு. கடைக்காரர் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் யு1 என்பது உள்ளே வரும் வோல்ட். ஐ1 மேக்ஸ் என்பது அது உச்சமாக இழுக்கும் ஆம்ப். ஐ2 என்பது ராடுக்குக் கொடுக்கும் ஆம்ப். எக்ஸ் என்று சதவீதத்தில் இருப்பதைப் பிறகு சொல்கிறேன்.

ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் வோல்ட்டைக் கணிக்க ஒரு வாய்ப்பாடு உண்டு: ஆம்பை 0.04ஆல் பெருக்கி 20ஐக் கூட்டுங்கள். 80 ஆம்புக்கு 23 வோல்ட் சொச்சம், 120 ஆம்புக்கு 25, 200 ஆம்புக்கு 28. வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வாட். 200 ஆம்பில் 5600 வாட் வருகிறது. இதை 230ஆல் வகுத்தால் 24 ஆம்ப். அதாவது ஒரு துளி வீணாகாத மெஷினாக இருந்தால்கூட, வெளியே 200 ஆம்ப் கொடுக்க வீட்டு லைனிலிருந்து 24 ஆம்ப் இழுத்தே ஆக வேண்டும். உண்மையான மெஷினில் சூடாக வீணாவதும் உண்டு, மின்சாரத்தை விட்டு விட்டு உறிஞ்சும் குணமும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் 40 ஆம்புக்குப் போய் நிற்கும். ஒரு பெட்டியின் மேல் 200 என்றும், தகட்டில் உள்ளீடு 20 ஆம்ப் என்றும் போட்டிருந்தால், இரண்டில் ஒன்று பொய். சட்டியில் இல்லாதது அகப்பையில் எப்படி வரும்?

இதே கணக்கை வீட்டுப் பக்கமிருந்து திருப்பிப் போடலாம். ஏ.சி.க்கும் கீசருக்கும் வைக்கிற பெரிய பிளக் 16 ஆம்ப். அதிலிருந்து சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் நிம்மதியாகக் கொடுக்கக்கூடியது 80, 90 ஆம்ப். தனி லைன் இழுத்து 25 அல்லது 32 ஆம்ப் எம்.சி.பி.யும் தொழிற்சாலைப் பிளக்கும் போட்டால் 120 ஆம்ப் வரை போகலாம். நல்ல எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத லைனில் இந்த மெஷினைச் செருகவே செருகாதீர்கள்.

80 ஆம்ப் போதுமா என்று கேட்பீர்கள். காட்டில் உடைவது என்னென்ன என்று ஓர் ஆண்டு எழுதி வைத்துப் பார்த்தேன். கேட் கீல், டிரெய்லர் பக்கப்பலகைக் கொக்கி, கலப்பைப் பட்டை, மாட்டுக் கொட்டகைத் தூணின் அடி, தெளிப்பான் ஸ்டாண்டு, கேஜ் வீலின் குறுக்குச் சட்டம். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் கனம். இதற்கு 2.5 மில்லிமீட்டர் ராடும் 3.15 மில்லிமீட்டர் ராடும் போதும். கடையில் 12 கேஜ், 10 கேஜ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ராடின் ஒரு மில்லிமீட்டருக்கு 30 முதல் 40 ஆம்ப் என்பது கைக்கணக்கு. முதலாவது 70 முதல் 90 ஆம்பில் எரியும், இரண்டாவது 100 முதல் 130 ஆம்பில். நான்கு மில்லிமீட்டர் ராடு கேட்கும் வேலை, அதாவது டிராக்டரின் இழுவைக் கொக்கி, டிரெய்லர் அச்சு, மெஷின் வாங்கியதிலிருந்து எனக்கு இரண்டு முறை வந்தது. இரண்டையும் பட்டறைக்கே அனுப்பினேன். ரோட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டியின் அச்சை வீட்டில் பற்றவைக்கக் கூடாது என்பது என் முடிவு.

மிக்சிக்கு மூச்சு

தகட்டில் எக்ஸ் என்று பார்த்தோமே, அதுதான் டியூட்டி சைக்கிள். மிக்சி வாங்கும்போது ஒரு கணக்கு சொல்வார்கள்: ஐந்து நிமிடம் ஓட்டு, இரண்டு நிமிடம் நிறுத்து. கேட்காமல் இட்லிக்கு அரைத்துக்கொண்டே போனால் நின்றுவிடும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி மீட்க வேண்டும். வெல்டிங் மெஷினிலும் அதே பாதுகாப்புதான், சூடு மிஞ்சினால் மஞ்சள் விளக்கு எரிந்து தானே நிற்கும். இங்கே கணக்கு பத்து நிமிடத்துக்கு. 200 ஆம்பில் 60 சதவீதம் என்றால், 40 டிகிரி வெப்பநிலையில், 200 ஆம்பில் ஆறு நிமிடம் எரித்துவிட்டு நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும்.

ஆம்பைக் குறைத்தால் மூச்சு நீளும். சதவீதத்தைத் தசமமாக்கி வர்க்கமூலம் எடுத்துப் பெருக்கினால், நிறுத்தாமல் ஓட்டக்கூடிய ஆம்ப் கிடைக்கும். 200 ஆம்ப், 60 சதவீதம் என்றால் 155. அதே 200 ஆம்ப், 30 சதவீதம் என்றால் 110. பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே 200தான் இருக்கும்! சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரியெல்லாம் எளிதாகத் தாண்டிவிடும், அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பயப்பட வேண்டாம். ஒரு ராடு எரிந்து முடிய ஒரு நிமிடம் சொச்சம் ஆகும். பிறகு மேலே படிந்த ஓட்டைத் தட்டி எடுத்து, பிரஷ் போட்டு, அடுத்த ராடு மாட்டுவதற்குள் மெஷின் மூச்சு வாங்கிவிடும். நமக்கு வேண்டியது 110, 120 ஆம்பில் 60 சதவீதம் தாங்கும் மெஷின், அவ்வளவுதான். நாள் முழுக்கக் கேட் அடித்துத் தள்ளுகிற பட்டறைக்காரர் கணக்கு வேறு.

குறுகிய புனல்

மெஷின் நல்லதாக இருந்தும் ராடு ஒட்டுகிறது, ஆர்க் துவண்டு அணைகிறது என்றால், பத்தில் ஐந்தாறு தடவை குற்றம் ஒயரில்தான் இருக்கும். மாவு எவ்வளவு இருந்தாலும் குறுகிய புனலில் ஊற்றினால் நூலாகத்தான் இறங்கும். வீட்டுக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 50 மீட்டர் நீட்டி 20 ஆம்ப் இழுத்தால், போய் வரும் வழியிலேயே 24 வோல்ட் காணாமல் போய்விடும். ஏற்கனவே ஊர் லைனில் 190 வோல்ட் வரும் மாலை நேரமென்றால், மெஷினுக்குக் கிடைப்பது 166. அதில் பல மெஷின்கள் படுத்துவிடும். அதே நீளத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 9 வோல்ட்தான். மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒயருக்குப் போடுங்கள். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள், சுருளாகவே விட்டால் சூடேறி உருகும்.

மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் இருப்பவர்கள், எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை ஓடும் என்று தகட்டில் பார்த்தே வாங்க வேண்டும். 160 வரை தாங்கும் மெஷின்கள் இருக்கின்றன. ஜெனரேட்டரில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், 80 ஆம்ப் வெல்டிங்குக்கே 3 கே.வி.ஏ.க்கு மேல் இழுக்கும். 5 கே.வி.ஏ.க்குக் குறைந்ததைக் கொண்டுவராதீர்கள். கிணற்று மேட்டில் இருக்கும் விவசாய இணைப்பு பம்புசெட்டுக்காகக் கொடுத்தது. அதில் வெல்டிங் எடுக்கலாமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் மெஷினை மாட்ட வேண்டும்.

நமுத்த அப்பளம்

ராடின் மேல் சாம்பல் நிறத்தில் பூச்சு இருக்கிறதே, பலர் அதை வெறும் உறை என்று நினைக்கிறார்கள். உருகிய இரும்பைக் காற்று தொட்டால் ஆக்சிஜனும் நைட்ரஜனும் உள்ளே புகுந்து ஒட்டு பொரபொரப்பாகி உடையும். பூச்சு எரிந்து வாயுவாகிச் சுடரைச் சுற்றித் திரை போடுகிறது. மிச்சம் உருகி, பால் மேல் ஆடை படிவதுபோல் இரும்பின் மேல் படிந்து, ஆறும்வரை காக்கிறது. நாம் தட்டி எடுக்கும் ஓடு அந்த ஆடைதான். சுவீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெர்க் 1900களின் தொடக்கத்தில் இந்தப் பூச்சு ராடைக் கொண்டுவந்தார். காட்டுக் காற்றில் நின்று பற்றவைக்க முடிகிறதென்றால் அது அவர் புண்ணியம்.

கடையில் பொதுவாகக் கிடைப்பது 6013. முதல் இரண்டு இலக்கம், ஒட்டு ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவை தாங்கும் என்பதற்கு. அடுத்த 1, படுக்கை, நிமிர்வு, தலைக்கு மேல் எல்லா நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதற்கு. கற்றுக்கொள்கிறவர் கைக்கு இது பணிவான ராடு. 7018 இன்னும் உறுதி, ஆனால் ஈரம் பட்டால் ஒட்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து பிறகு வெடிப்பு விடும். அதை 300 டிகிரி அளவில் சுட்டு உலர்த்த அடுப்பு வேண்டும். அந்த அடுப்பு இல்லாத வீட்டுக்கு 7018 வேண்டாம்.

6013க்கும் ஈரம் ஆகாது. ஐப்பசி மழையில் திறந்து வைத்த அப்பளம் நமுத்துப்போய் எண்ணெயில் பொரியாமல் கிடப்பதுபோல், ஈர ராடு சடசடவென்று தெறித்து, ஒட்டில் ஊசித் துளைகளை விடும். எங்கள் வீட்டில் முறுக்கு வைக்கிற இறுக்கமூடி டப்பா ஒன்றை ராடுக்கென்றே அம்மா ஒதுக்கிக் கொடுத்தார்.

தோசைக்கல்லும் ஈயச்சொம்பும்

எல்லா இரும்பும் ஒன்றல்ல என்பதை அடுப்படியில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் டக்கென்று விரிசல் விடும். கேட் கம்பியில் கரி 0.25 சதவீதத்துக்குள் இருக்கும், வார்ப்பிரும்பிலோ 2 முதல் 4 சதவீதம். அந்தக் கரிதான் அதை நொறுங்கும் பண்டமாக்குகிறது. பம்பு உறை, பழைய மோட்டார் பாதம், சக்கரக் குடம் இவையெல்லாம் தோசைக்கல் சாதி. இவற்றுக்கு நிக்கல் ராடு வேண்டும். ஓர் அங்குலம் போட்டு, சூடாக இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அடுத்த அங்குலம். முடிந்ததும் காய்ந்த சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

கலப்பைக் கொத்தும் கடினப்படுத்திய எஃகுதான். சூடேற்றாமல் பற்றவைத்தால் ஒட்டின் ஓரத்திலேயே முறியும். ரோட்டவேட்டர் கத்தியைப் பற்றவைக்கவே வேண்டாம். போல்ட் கழற்றிப் புதுசு மாட்டுங்கள், சுழலும்போது பிய்ந்த கத்தி எங்கே பாயும் என்று யாருக்கும் தெரியாது.

மெல்லிய தகட்டுக்கு ஈயச்சொம்பு. ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்பு அடுப்பில் நிற்கும், ஏனென்றால் சூட்டை ரசம் வாங்கிக்கொள்கிறது. வெறும் சொம்பை வைத்தால் 232 டிகிரியில் வெள்ளீயம் உருகி ஓடும். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் ராடு ஓட்டை போடுவதும் இதனால்தான், சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே உடம்பு இல்லை. பின்னால் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்தால் அது ரசத்தின் வேலையைச் செய்யும். ஆம்பை 60க்குக் குறைத்து, புள்ளி புள்ளியாக வைத்துப் போங்கள்.

ராடுக்குப் பதில் கம்பிச் சுருள் ஓடும் மிக் வெல்டிங் பற்றியும் கேட்பார்கள். தகட்டு வேலைக்கு அது அருமையானது, ஆனால் காட்டுக் காற்று அதன் கேஸ் திரையை ஊதிவிடும், கூடவே சிலிண்டரையும் தூக்கிப் போக வேண்டும். கேஸ் வேண்டாத கம்பி போடுகிற மெஷின் பரவாயில்லை. டிக் வெல்டிங் நமக்குத் தேவைப்படாது.

கண், புகை, நெருப்பு

ஆர்க்கைக் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில்தான் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும். கைவைத்தியமாக எதையும் கண்ணில் விடாமல் மருத்துவரிடம் போங்கள். 10 அல்லது 11 நிழல் எண் கண்ணாடி உள்ள, தானாக இருளும் தலைக்கவசத்தை மெஷினோடு சேர்த்தே வாங்குங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டுங்கள். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையை உள்ளிழுத்தால் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். பற்றவைக்கும் இடத்தில் முதலில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள், காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள். காலி டீசல் டிரம்மைப் பற்றவைக்காதீர்கள், அதற்குள் இருக்கும் ஆவி வெடிக்கும். வைக்கோல் போருக்கு அருகில் வேண்டாம். டிராக்டரில் மாட்டிய கருவியென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் கவ்வியை ஒட்டு போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வுங்கள். இல்லையென்றால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

நான் இப்போது வைத்திருப்பது 200 ஆம்ப், 60 சதவீத இன்வெர்ட்டர். அதை 120க்கு மேல் திருப்புவதே இல்லை. கடைக்குப் போகும்போது வீட்டு எம்.சி.பி.யின் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். தகட்டில் உள்ளீட்டு ஆம்பும் டியூட்டி சைக்கிளும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 10 கேஜ் ராடு மூன்றை அடுத்தடுத்து எரித்துக் காட்டச் சொல்லுங்கள். தகட்டில் அந்த இரண்டு எண்ணும் இல்லாத மெஷினை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.